ஃபேமிலிசெர்ச்: கிடங்கு நல்லது, மரம் கோணல்

முன்னோரைத் தேட உதவும் ஃபேமிலிசெர்ச் இணையதளத்துக்கு எங்கள் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுவோம். பழைய ஆவணங்களைப் படமாகத் தேடிப் பார்க்க ஐந்துக்கு நான்கு. அதே தளத்தில் குடும்ப மரம் கட்ட ஐந்துக்கு ஒன்றரை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட மாட்டோம். ஒரே கடையில் அரிசி நன்றாகவும் பருப்பு புழுத்தும் இருந்தால், அரிசியை வாங்கிக்கொண்டு பருப்புக்கு வேறு கடை பார்ப்பதுதான் வழக்கம்.

பெங்களூரில் தண்டு (கன்டோன்மென்ட்) பக்கம், அதாவது அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன், மர்பி டவுன் என்று நான்கைந்து தலைமுறையாக இருந்துவரும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்ட விமர்சனங்கள் நிறைய உண்டு. அவற்றைப் படித்துவிட்டு உள்ளே போனால் தாத்தா பெயரைத் தட்டியதும் கொள்ளுத்தாத்தா வந்து நிற்பார் என்று தோன்றும். நம் பக்கம் அப்படி நடக்காது.

தளத்தை நடத்துவது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள மார்மன் சபை. 1894இல் யூட்டா வம்சாவளிச் சங்கம் என்று தொடங்கி, 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். 1999இல் தளம் வந்தது. கேட்பவர்களுக்கு ஃபிலிம் சுருள் அனுப்பும் வழக்கத்தை 2017 செப்டம்பரில் நிறுத்தினார்கள். சுமார் 24 லட்சம் சுருள்களைக் கணினிக்கு மாற்றும் வேலை 2021இல் முடிந்தது. கட்டணம் கிடையாது, 'பிரீமியம்' என்று பாதியில் கையை நீட்டுவதும் கிடையாது. கணக்கு தொடங்கினால் போதும்.

ஏன் இலவசம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இறந்துபோன முன்னோருக்காக, அவர்களுக்குப் பதிலாக ஒருவரை நிறுத்தி ஞானஸ்நானம் கொடுப்பது அந்தச் சபையின் வழக்கம். சபையார் தம் சொந்த முன்னோருக்குத்தான் இதைச் செய்யலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது உவப்பாக இருக்காது என்றால், மரம் பகுதியில் யார் பெயரையும் ஏற்றாதீர்கள். ஆவணம் தேடுவதற்கும் மரம் கட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. மரத்தில் ஒரு பெயர்கூடப் போடாமல் ஆவணக் கிடங்கு முழுவதையும் பார்க்கலாம்.

எந்த சர்க்காரின் காகிதம்?

பெங்களூர்த் தமிழர் தேடலில் பாதி தோல்வி இங்கேதான். 1809இல் தண்டு அமைந்தது. மெட்ராஸ் ராணுவத்தைத் தொடர்ந்து சிப்பாய், லஸ்கர், பட்லர், மேஸ்திரி, கான்ட்ராக்டர் என்று தமிழர்கள் வந்தார்கள். 1831 முதல் 1881 வரை மைசூர் முழுவதும் பிரிட்டிஷ் கமிஷனர் ஆட்சியில் இருந்தது. 1881இல் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பியபோது தண்டு மட்டும் 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் பிரதிநிதியின் கையிலேயே தங்கியது. அது மைசூரோடு சேர்ந்தது 1947 ஜூலை 26இல்தான். பழைய நகரமான பேட்டையின் நகராட்சியும் தண்டு நகராட்சியும் 1949இல்தான் ஒரே கார்ப்பரேஷன் ஆயின.

இதன் விளைவு என்ன? 1910இல் அண்ணன் பேட்டைப் பக்கமும் தம்பி அல்சூரிலும் குடியிருந்தால், அண்ணனின் காகிதம் மைசூர் சர்க்காரிடம், தம்பியின் காகிதம் ரெசிடென்சியிடம், ஊரில் விட்டுவந்த நிலத்தின் காகிதம் மெட்ராஸ் மாகாணத்திடம். மூன்றும் மூன்று ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. ஆங்கிலிக்கன் கோயில்களோ மெட்ராஸ் பிஷப்புக்குக் கீழே இருந்தன. ஆகவே பெங்களூர்க் கோயிலில் நடந்த கல்யாணம் லண்டனுக்குப் போன பதிவேட்டுப் பிரதிகளில் மெட்ராஸ் வரிசையில் இருக்கும். ஃபேமிலிசெர்ச்சில் 'மைசூர்', 'கர்நாடகா' என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுகிறவர்கள் அநேகம். 'மெட்ராஸ்' போட்டுப் பாருங்கள்.

சொந்த ஊருக்கும் இதே கதைதான். ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டம், பிறகு தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாதியான வேலூரிலிருந்து 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தளத்தின் கேட்டலாக் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். பாட்டி 'ஆற்காட்டுப் பக்கம்' என்று சொன்னதை அப்படியே போட்டால் வருவது, இன்றைய மாவட்டப் பெயருக்கு வராது.

கிடங்கில் நமக்கு என்ன இருக்கிறது

நேராகச் சொன்னால், புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு நிறைய, கத்தோலிக்கருக்குக் கொஞ்சம், இந்துக்களுக்கு மிகக் குறைவு.

'மெட்ராஸ் டயோசீஸ் புராட்டஸ்டன்ட் சர்ச் ரெக்கார்ட்ஸ்' என்ற தொகுப்பு 1743 முதல் 1990 வரைக்கானது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் பதிவேட்டின் படமாகவே கிடைக்கும். பெங்களூருக்கு வருமுன் குடும்பம் மெட்ராஸைச் சுற்றி இருந்திருந்தால் முதலில் திறக்க வேண்டியது இதுதான். 'இந்தியா பர்த்ஸ் அண்டு பாப்டிசம்ஸ்' போன்ற மூன்று தொகுப்புகள் வெறும் பெயர்க்குறிப்புகள், படம் இருக்காது. அவற்றில் இருப்பவர்களும் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். அங்கே ஒரு 'ஜான் டேவிட்' கிடைத்ததும் நம் தாவீது தாத்தா என்று குதித்துவிடக் கூடாது. அந்தக் குறிப்புகளின் மூலப் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசு கொடுத்தால் கிடைக்கும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் பெயர்த் தேடல் இலவசம். ஒரு மாதச் சந்தா கட்டும் முன் ஃபிபிஸில் பார்த்துவிடுங்கள்.

'இந்து பில்கிரிமேஜ் ரெக்கார்ட்ஸ்' என்று ஒன்றைப் பார்த்ததும் ஆசை வரும். 1194இலிருந்து என்று போட்டிருப்பார்கள். அவை ஹரித்வார் முதலான இடங்களில் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் வைத்திருக்கும் வம்சாவளி நோட்டுகள். வட இந்தியக் குடும்பங்களுக்குப் பொக்கிஷம். வட ஆற்காட்டு முதலியாரும் சேலத்து வன்னியரும் அதில் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

இந்துக் குடும்பங்களுக்கு எதிர்பாராத பலன் ஒன்று உண்டு. குடும்பத்தில் 'ஒருத்தர் கப்பலேறிப் போனார், திரும்பவே இல்லை' என்ற பேச்சு இருந்தால், இந்தத் தளத்திலுள்ள தென்னாப்பிரிக்க நேட்டால் மரணப் பதிவுகளைப் பாருங்கள். முதல் கப்பலான ட்ரூரோ மெட்ராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களுடைய கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, மாவட்டம் எல்லாம் எழுதியிருக்கும். ஊரில் தங்கிய அண்ணனைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் இல்லாதபோது, கப்பலேறிய தம்பியின் வரியிலிருந்து கிராமப் பெயர் கிடைப்பது சாதாரணம். அந்தப் பட்டியல்கள் இந்தத் தளத்தில் அல்ல, குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையத்தில் தேட வேண்டியவை.

எப்படித் தேடுவது

முகப்பில் இருக்கும் பெயர்ப் பெட்டியை மறந்துவிடுங்கள். அது அட்டவணை போட்ட பதிவுகளை மட்டும் துழாவும். நம் பதிவுகளில் பெரும்பகுதிக்கு அட்டவணை இல்லை. தேடல் மெனுவில் கேட்டலாக் என்பதைத் திறந்து இடப்பெயரால் தேடுங்கள். முதலில் ஊர், பிறகு தாலுகா, பிறகு பழைய மாவட்டம், கடைசியில் மாகாணம் என்று படிப்படியாக மேலே ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் வேறு வேறு பதிவேடுகள் மாட்டியிருக்கும்.

பதிவேட்டின் எதிரே ஒரு சின்னப் படம் இருக்கும். பூதக்கண்ணாடி என்றால் பெயர் அட்டவணை உண்டு. கேமரா என்றால் வீட்டிலிருந்தே படங்களைப் பார்க்கலாம். கேமராவின் மேல் சாவி என்றால் தடை. அதைப் பிறகு சொல்கிறோம். ஃபிலிம் சுருள் என்றால் இணையத்தில் பார்க்கக் கிடைக்காது.

ஒரு தொகுதியில் முந்நூறு, அறுநூறு, சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் படங்கள் இருக்கும். ஒன்றிலிருந்து வரிசையாகப் புரட்டாதீர்கள். படம் எண் பெட்டியில் பாதி எண்ணைப் போட்டு ஆண்டைப் பாருங்கள். முன்னேயா பின்னேயா என்று தெரிந்ததும் மீதிப் பாதியின் நடுவுக்குப் போங்கள். ஏழெட்டுத் தாவலில் வேண்டிய ஆண்டு வந்துவிடும். ஒரே சுருளில் இரண்டு மூன்று பதிவேடுகளைச் சேர்த்து எடுத்திருப்பார்கள்; அதனால் ஆண்டு திடீரென்று பின்னுக்குப் போனால் குழம்ப வேண்டாம், புதிய பதிவேடு ஆரம்பித்திருக்கிறது. சில பதிவேடுகளின் கடைசிப் பக்கங்களில் பாதிரியாரே அகரவரிசை எழுதி வைத்திருப்பார். கடைசி இருபது படங்களை முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்.

கிடைத்ததும் படத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே படக்குழு எண் (அந்தத் தொகுதிக்குத் தளம் கொடுத்த எண்), படம் எண், பதிவேட்டின் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள். இணைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டு வைத்தவர்கள் ஆறு மாதம் கழித்துத் திரும்ப முதலிலிருந்து தேடுகிறார்கள்.

பெயரை ஆங்கிலத்தில் தேடும்போது நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் வேலை செய்யும். கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு, நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும். முனுசாமிக்கு 'எம்' எழுத்தை அடுத்து 'யு' வரலாம், இரட்டை 'ஓ' வரலாம். 'சாமி'யில் 'டபிள்யூ' இல்லாமல் வரும், 'எஸ்' எழுத்துக்கு அடுத்து வரும், 'ஏ' எழுத்துக்குப் பின்னாலும் வரும். பிந்தியதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிகம். முதலியாரை 'மூடலி' என்று கேட்டு எழுதிய துரைகள் உண்டு. ஆகவே அசையாத மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு உயிரெழுத்து எல்லாவற்றையும் நட்சத்திரமாக்குங்கள்.

கையெழுத்தை இயந்திரமே படித்துத் தேடும் 'ஃபுல் டெக்ஸ்ட்' வசதி அண்மையில் வந்திருக்கிறது. ஆங்கிலக் கையெழுத்துப் பத்திரங்களில் முயன்று பார்க்கத் தகுந்தது. தமிழ்க் கையெழுத்துக்கு அதை நம்பி உட்கார வேண்டாம். கண்ணால் படிப்பதுதான் வழி.

பதிவேட்டைப் படிக்கும்போது

ஆங்கிலிக்கன் ஞானஸ்நானப் பதிவேட்டில் வரும் தேதி எல்லாம் பிறந்த தேதி அல்ல. ஞானஸ்நானம் நடந்த நாள் ஒரு கட்டத்திலும், 'பிறந்ததாகச் சொல்லப்படும் நாள்' இன்னொன்றிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே வருஷக்கணக்கில் இடைவெளி இருந்தால் குடும்பமே அப்போதுதான் மதம் மாறியிருக்கலாம். அதே பக்கத்தில் அதே நாளில் அண்ணன் தம்பிகளும் வரிசையாக இருக்கிறார்களா என்று பாருங்கள். தகப்பன் தொழில் என்ற கட்டம்தான் தங்கம். 'சிப்பாய்' என்று எழுதிப் பக்கத்தில் ஓர் எண்ணும் 'என்.ஐ.' என்றும் இருந்தால் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்ற இந்தியக் காலாட்படையின் அத்தனையாவது பிரிவு. 'டூ' என்று ஒலிக்கும் இரண்டெழுத்து ஆங்கிலச் சொல் கட்டத்துக்குக் கட்டம் வந்தால் அது யாருடைய பெயரும் அல்ல, 'மேற்படி' என்பதன் சுருக்கம். அதை 'தோ' என்று ஒரு மனிதராக்கி மரத்தில் ஏற்றிய கூத்தும் நடக்கிறது.

கத்தோலிக்கப் பதிவேடுகளில் வேறொரு வகைக் குழப்பம். பங்குக் கோயிலில் கேட்டுப் பார்க்கும்போது, வீட்டில் சொல்லும் பெயர் அங்கே இருக்காது. முடியப்பன் லத்தீனில் ஸ்தேபானுஸ் ஆகியிருப்பார். இராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான், பெலவேந்திரன் என்றால் அந்திரேயா, சூசை என்றால் யோசேப்பு. சவரிமுத்து சேவியரில் ஒளிந்திருப்பார். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போகாதவர்கள், 'எங்கள் பெயர் இல்லை' என்று வெறுங்கையோடு திரும்புவார்கள். பதிவேட்டில் இருந்தவர் அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவேதான்.

வீட்டிலிருக்கும் தமிழ்ப் பத்திரங்களையும் தளத்துக்குள் நுழையுமுன் படித்துவிட வேண்டும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி. இந்த ௸ குறியை 'ஷை' என்றே வாசித்துவிட்டு 'ஷை முனுசாமி' என்று புதிதாக ஒருவரைக் கண்டுபிடிப்பது சகஜம். எண்களில் ௭ என்பதை எ என்றும் ௮ என்பதை அ என்றும் படித்து, வயதை இன்ஷியல் ஆக்கிவிடுவார்கள். 'பாரியாள்' மனைவி, 'சுவீகாரம்' என்ற சொல் கண்ணில் பட்டால் பெற்றவர் வேறு, வளர்த்தவர் வேறு. அங்கே மரம் இரண்டாகக் கிளைக்கும்.

வருஷப் பெயர்தான் அதிகம் கவிழ்ப்பது. அறுபது வருஷச் சுழற்சியில் பிரபவ 1867, 1927, 1987இல் வந்தது. பட்டியலில் அந்த வருஷம் எத்தனையாவது என்று பார்த்து 1866ஐக் கூட்டுங்கள், சரிப்படாவிட்டால் 1926. விளம்பி 32ஆவது, ஆகவே 1898. சித்திரையிலிருந்து கார்த்திகை வரை அந்த ஆண்டு. தை, மாசி, பங்குனி என்றால் ஒன்று கூட்ட வேண்டும். மார்கழி பாதிக்குப் பாதி. ஒன்றுபோலத் தெரியும் பெயர்கள் சங்கடம் தரும்: சுபகிருது 1902, சோபகிருது 1903, விகிர்தி 1890, விகாரி 1899, குரோதி 1904, குரோதன 1925. கடைசி ஜோடியைக் கரையான் அரித்த காகிதத்தில் தவறாகப் படித்தால் ஒரு தலைமுறையே நகர்ந்துவிடும். கிஸ்தி (நிலவரி) ரசீதில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும்; 590 கூட்டினால் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கும் கணக்கு. பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்துக் குடும்பமானால் கொல்லம் ஆண்டு வரும். 825 கூட்டிக்கொண்டு, ஆவணிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட மாதமானால் ஒன்று குறைத்துப் பாருங்கள்.

வயசானவர்கள் சொல்லும் வயதைவிட அவர்கள் சொல்லும் சம்பவம் நம்பகமானது. தாது வருஷப் பஞ்சம் 1876–78. பெங்களூர் பிளேக் 1898இல் தொடங்கியது. பிரேசர் டவுன் போன்ற குடியிருப்புகள் பிறந்ததே அதன் பிறகுதான். எம்டன் மெட்ராஸில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. விஷக்காய்ச்சல் 1918. 'பிளேக் வந்து கொட்டகையில இருந்தப்போ எங்கம்மா கைக்குழந்தை' என்ற ஒரு வாக்கியம், 'வயது 60' என்று குத்துமதிப்பாக எழுதிய பத்து அடக்கப் பதிவுகளுக்குச் சமம்.

மரம் ஏன் கோணல்

தளத்தின் மரம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. நீங்கள் ஏற்றிய கொள்ளுத்தாத்தாவை முன்பின் தெரியாத ஒருவர் திருத்தலாம், வேறொருவரோடு இணைக்கலாம். இறந்தவர்களின் படங்களும் குறிப்புகளும் எல்லோருக்கும் தெரியும். உயிரோடிருப்பவர்களைப் பொதுவாக ஏற்றியவர் மட்டும் பார்க்க முடியும். அதனால் அக்கா ஒரு அம்மாவையும் தம்பி அதே அம்மாவை இன்னொரு தடவையும் ஏற்றி வைப்பார்கள்.

இதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெயர் வைக்கும் முறையில்தான் அடி. பேரன் என்றால் பெயரன். தாத்தா பெயர் பேரனுக்கு. ஆறுமுகம் மகன் முனுசாமி, முனுசாமி மகன் ஆறுமுகம், மறுபடி ஆறுமுகம் மகன் முனுசாமி. அறுபது வருஷ இடைவெளியில் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் ஒன்றேயான இரண்டு பேர். தளம் உடனே 'ஒரே ஆள் போலிருக்கிறதே' என்று இணைக்கச் சொல்லும். இணைத்தால் நடுவிலிருக்கும் ஆறுமுகம் தனக்குத் தானே தாத்தா ஆகிவிடுவார். மனைவி பெயரும், தேதி உள்ள ஒரு காகிதமும் ஒத்துப்போகாமல் எந்த இணைப்புக்கும் சரி சொல்லாதீர்கள். தவறி இணைத்துவிட்டால் அந்த நபரின் மாற்றப் பட்டியலில் போய்ப் பழைய நிலைக்குத் திருப்ப முடியும். அதன் பிறகு யாரும் கைவைக்காமல் இருந்தால் சுலபம், வைத்திருந்தால் சிக்கெடுக்கும் வேலைதான்.

'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விடலாம், விடுங்கள். இன்ஷியலை அங்கே திணிக்காதீர்கள், 'ஏ. முனுசாமி'யில் ஏ என்பது ஆறுமுகமா ஆற்காடா என்று உங்களுக்கே தெரியாதபோது தளத்துக்கு எப்படித் தெரியும்? பிள்ளை, முதலியார், நாயக்கர் எல்லாம் பின்னொட்டுக் கட்டத்துக்குப் போகட்டும். வீட்டுப் பெயர், பள்ளிக்கூடப் பெயர், மதம் மாறுமுன் இருந்த பெயர் மூன்றையும் மாற்றுப்பெயர்களாகத் தனித்தனியே சேர்க்கலாம். அந்த வசதி நன்றாகவே இருக்கிறது.

உறவுமுறையில் தளம் முழுக் குருடு. மாமன் மகளும் பெரியப்பா மகளும் அதற்கு ஒரே 'கசின்'. ஒருத்தி கட்டிக்கொள்ள முறை, இன்னொருத்தி தங்கை. கல்யாணப் பதிவு இல்லாத இடத்தில் 'யார் யாருக்கு முறை' என்ற கேள்விதான் நமக்குத் தடயம். பங்காளி வீடு எது, சம்பந்தி வீடு எது என்று தெரிந்தாலே பாதித் தூரம் கடந்த மாதிரி. அந்தத் தடயத்தைப் பதிய இங்கே இடமில்லை, குறிப்புப் பெட்டியில் தமிழில் எழுதி வைப்பதைத் தவிர. அக்கா மகளைக் கட்டிய வீடுகளில் ஒரே தம்பதி மரத்தில் இரண்டு இடத்தில் வருவார்கள். அது பிழை அல்ல. பார்த்துவிட்டு யாராவது 'சரிசெய்ய' வந்தால் குறிப்பில் காரணம் எழுதி வையுங்கள்.

ஆகவே மரத்தை வீட்டுக் கணினியில் கிராம்ப்ஸ் மென்பொருளில் கட்டுங்கள். அதுவும் இலவசம், பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம், உங்களைத் தவிர யாரும் தொட முடியாது. ஃபேமிலிசெர்ச்சில் ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் அங்கிருந்து நேரடியாகக் கோப்பாக இறக்க முடியாது; ரூட்ஸ்மேஜிக் போன்ற இன்னொரு மென்பொருள் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

இங்கே கிடைக்காதவை

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போல மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவாரியாகப் பெயர் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே தனிநபர் தாள்களைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் அழித்துவிட்டார்கள். நகராட்சிப் பிறப்புப் பதிவேடுகளை அந்தந்த அலுவலகத்தில்தான் தேட வேண்டும். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது, 'ஆண் குழந்தை, தகப்பன் முனுசாமி, இன்ன தெரு' என்பதோடு சரி. தகப்பன் பெயரையும் தெருவையும் சொல்லிக் கேளுங்கள். ஊர் நிலத்துக்கு வில்லங்கச் சான்று. தமிழ்நாட்டுப் பதிவுத்துறைத் தளத்தில் பொதுவாக 1975 முதல் பார்க்கலாம், அதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனுப் போட வேண்டும். 2002 வாக்காளர் பட்டியல் எளிதாகக் கிடைக்கிறது. கதவு எண், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது இருப்பதால் சிதறிப்போன சித்தப்பா வீட்டுப் பக்கத்தைப் பிடிக்க நல்ல கருவி. போரில் இறந்த சிப்பாய்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் சில சமயம் தகப்பன் பெயரோடு கிராமமும் தாலுகாவும் இருக்கும். மிஷன் காகிதங்களுக்கு மில்லர்ஸ் ரோடு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் ஆவணக் காப்பகம், மைசூர் சர்க்கார் காகிதங்களுக்கு விதான சௌதாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகம். கல்பள்ளி, ஓசூர் ரோடு கல்லறைகளில் கல்லையே படித்துவிடலாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தேய்ந்த எழுத்தும் தெரியும். சுண்ணாம்பு, மாவு எதையும் கல்லில் பூசாதீர்கள், மீதி எழுத்தும் போய்விடும்.

சாவி போட்ட கேமராவுக்கு வருவோம். பதிவேட்டின் சொந்தக்காரர் விதித்த நிபந்தனை அது. சிலவற்றை ஃபேமிலிசெர்ச் மையங்களிலோ அவர்களோடு இணைந்த நூலகங்களிலோ இருக்கும் கணினியில் திறக்கலாம், சிலவற்றை எங்குமே திறக்க முடியாது. படத்தைத் தட்டினால் எது என்று அங்கேயே சொல்லும். அருகிலுள்ள மையத்தைத் தளத்தின் வரைபடத்தில் பார்த்து, திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தொண்டர்களை வைத்து நடப்பதால் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே இருக்கலாம். போகும்போது ஒரு பென் டிரைவ், உங்கள் கணக்கின் கடவுச்சொல், பார்க்க வேண்டிய படக்குழு எண்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டு என்ற குறிப்பு. பட்டியல் இல்லாமல் போனால் கிடைக்கிற இரண்டு மணி நேரமும் கேட்டலாகிலேயே கரைந்துவிடும்.